தீயணைப்போர் நலனும் புற்றுநோய்ப் பரிசோதனையும்

புனே நகரில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் பொறுப்பில் இயங்குகிறது. ஆதலின் அப்படையினரின் உடல்நலம் பேணுவதும் மாநகராட்சியின் கடமையாகும்.

பிளாஸ்டிக், மரம், எண்ணெய் ஆகியவை எரியும்போது எழும் நச்சுப்பொருள்கள் மூச்சின் வழியாகவும், கரி படிந்த சீருடையிலிருந்து தோலின் வழியாகவும் உடலுக்குள் புகுகின்றன. பழைய கட்டடங்களில் கல்நார்த் தூசும் இவற்றுடன் சேர்கிறது. இத்தொழில் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதே எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், பெரும்பாலும் நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமாவுக்கும் போதிய சான்றுகள் இருப்பதாக அது கண்டது.

நமது நாட்டில் 30 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு அரசு செலவில் நடைபெறும் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே உரியது. மேற்கூறிய இரண்டும் அதில் அடங்கவில்லை. நோய்க்குறி தோன்றுமுன் அவ்விரண்டையும் கண்டறிய, பயன் உறுதிப்பட்ட பொதுப் பரிசோதனை முறையும் இன்னும் இல்லை.

எனவே தொழிலை ஒட்டிய கண்காணிப்பே தேவை. ஒவ்வொருவரும் பணியாற்றிய தீவிபத்துகளுக்குப் பதிவேடு வேண்டும். சிறுநீரில் இரத்தம் கண்டால் உடனடியாக மருத்துவரை நாடப் பயிற்றுவித்தல் வேண்டும். சீருடையை ஒவ்வொரு தீவிபத்துக்குப் பின்னும் தூய்மை செய்தல் இன்றியமையாதது. மீசோதீலியோமா பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே வெளிப்படுவதால், ஓய்வுபெற்றோரையும் இத்திட்டம் கைவிடலாகாது.