நிலத்தடி நீரைக் கணினி விளையாட்டில் கண்ணால் பார்க்கலாம்!
கல்லூரி மாணவர்களின் திட்டப்பணிக்குக் காத்திருக்கும் சுத்துக்கேணி கிணறுகள்

சொர்ணவாரிக்கு நாற்று விடலாமா, இல்லை உளுந்தோடு நிறுத்திக்கொள்ளலாமா? சித்திரை பிறக்கும்போது சங்கராபரணிக் கரையோர விவசாயிகள் பலருக்கும் இதே யோசனைதான். பதில் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. பயிர் பாதி வளர்ந்த பிறகு மோட்டார் காற்று வாங்கும்போதுதான் அந்தப் பதில் தெரிய வருகிறது. பிறகு குழாயை இன்னும் இரண்டு இறக்குவதா, புதிதாகப் போர் போடுவதா என்று கடன் கணக்கு ஆரம்பித்துவிடும்.

நீர்மட்டத்தை யாரும் அளக்காமல் இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுவதும் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு 4 முறை அளந்து பதிவு செய்கிறது. 'தரைமட்டத்துக்குக் கீழ் இத்தனை மீட்டர்' என்ற அந்த எண் அட்டவணையில் ஏறிவிடுகிறது. அட்டவணையைப் பார்த்துப் பயிரை முடிவு செய்யும் விவசாயியை நான் இதுவரை சந்தித்ததில்லை. எண் கண்ணுக்குத் தெரிந்தால்தானே மனசு நம்பும்.

இன்னொரு பக்கம், கிராமத்து வீடுகளில் பொறியியலும் கணினி அறிவியலும் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடி அலைகிறார்கள். பழைய திட்டப்பணியைப் பெயர் மாற்றிக் கொடுப்பதும் நடக்கிறது. ஊர்க் கிணறுகளின் அளவை எடுத்து, அதை ஒரு மெய்நிகர் உலகத்தில், அதாவது கணினிக்குள் நடந்து திரியக்கூடிய ஒரு ஊரில், கட்டிக் காட்டுவது அவர்களுக்கு நல்ல தலைப்பு. நமக்கும் அதில் லாபம் உண்டு.

விளையாட்டுக்குள் ஒரு ஊர்

'மைன்கிராஃப்ட்' விளையாட்டை வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாமே கனசதுரக் கட்டிகள். மண் கட்டி, கல் கட்டி, தண்ணீர்க் கட்டி என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வீடு, மலை, ஆறு எல்லாம் கட்டலாம். கீழே தோண்டிக்கொண்டும் போகலாம். பிரிட்டனின் நில அளவைத் துறை 2013-ல் தன் நாட்டு வரைபடத்தை 2,200 கோடி கட்டிகளால் இதில் கட்டி வெளியிட்டது. அடுத்த ஆண்டு டென்மார்க் அரசும் தன் நாட்டை அப்படியே கட்டியது. இதே பாணியில் காசு இல்லாமல் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள் 'லுவான்டி'. 2024 வரை அதன் பெயர் 'மைன்டெஸ்ட்'. சாதாரணக் கணினியிலேயே ஓடும். 'லுவா' மொழியில் சில பக்கம் நிரல் எழுதத் தெரிந்தால் அட்டவணையில் உள்ள எண்களைப் படித்துத் தானே கட்டிகளை அடுக்கிக்கொள்ளும்.

எண்களை இப்படி மெய்நிகர் உலகத்தில் காட்டுவது புதுச் சங்கதி இல்லை. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வுத் துறை 2006-ல் 'செகண்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகத்தில் ஒரு தீவையே அமைத்தது. அன்றன்றைய வானிலைத் தகவல்கள் அங்கே ஒரு முப்பரிமாண வரைபடமாக விரிந்து கிடந்தன. வருகிறவர்கள் அதன் மேலேயே நடக்கலாம். அதன் கடற்கரையில் நின்றால் சுனாமி வருவதைக் காணலாம். 2004 டிசம்பரைக் கண்ட நம் கடலோர மக்களுக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கமும் இதில் பின்தங்கியதாகச் சொல்ல முடியாது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்து கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வந்த அலை உயர எண்களை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று மீனவர் கரையிலேயே முடிவு செய்ய அது உதவியது. அன்று எண்ணைக் காதுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று கண்ணுக்குக் கொண்டுவர வசதி வந்திருக்கிறது.

ஏன் சுத்துக்கேணி?

வீடூர் அணையிலிருந்து வரும் சங்கராபரணி, புதுச்சேரிக்குள் நுழைந்ததும் தொடும் ஊர்களில் சுத்துக்கேணியும் ஒன்று. இங்கிருந்து பிரியும் வாய்க்கால்தான் ஊசுடு ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. 32 அடி உயர வீடூர் அணையின் பாசனத்தில் தமிழகப் பகுதிக்கு 2,200 ஏக்கர், புதுச்சேரிப் பகுதிக்கு 1,000 ஏக்கர். ஆறு, வாய்க்கால், ஏரி, திறந்த கிணறு, ஆழ்குழாய் என்று எல்லாமே பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒன்றில் தண்ணீர் ஏறினால் மற்றதில் என்ன நடக்கிறது என்று பார்க்க இது தோதான இடம்.

மண்ணை அடுக்கு அடுக்காகப் பார்ப்பதும் இந்த ஊருக்குப் பழக்கம்தான். இங்கிருந்த பெருங்கற்கால ஈமக்காட்டைப் பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் தோண்டி ஆய்ந்து 1956-ல் நூலாக வெளியிட்டார். எந்த ஆழத்தில் என்ன கிடைத்தது என்று அவர்கள் குறித்த அதே முறையில், போர் போடும்போது எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் மணல் என்று குறித்து வைத்திருந்தால் இன்று எவ்வளவு உதவியாக இருக்கும்!

அளப்பதுதான் பாதி வேலை

மாணவர்கள் கணினியில் உட்காரும் முன் கயிற்றோடு வயலுக்கு வர வேண்டும். திறந்த கிணறு, ஆழ்குழாய் இரண்டும் சேர்த்து 20, 25 எடுத்துக்கொண்டால் போதும். 15 நாளைக்கு ஒருமுறை, காலையில் மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் போரில் எடுத்த அளவு பொய் சொல்லும். கிணற்றின் கைப்பிடிச் சுவரிலிருந்து அளந்தால் சுவரின் உயரத்தைக் கழிக்க மறக்கக் கூடாது. போர் குழாயின் மூடியில் அளவு நாடா இறங்கும் அளவுக்குத் துளை இருக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இதை விவசாயிகளே செய்து காட்டியிருக்கிறார்கள். ஆந்திராவின் 7 வறட்சி மாவட்டங்களில் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் உதவியோடு நடந்த திட்டத்தில், கிணறுகளை ஊர்க்காரர்களே 15 நாளுக்கு ஒருமுறை அளந்து ஊர்ப் பலகையில் எழுதினார்கள். ரபி பருவத்துக்கு முன் எல்லாரும் கூடி, இருக்கும் தண்ணீர் இவ்வளவு, போட நினைக்கும் பயிருக்கு வேண்டியது இவ்வளவு என்று வரவு செலவு போட்டார்கள். அங்கே பலகை செய்த வேலையை இங்கே கணினி இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் செய்யும்.

அடுத்தது தரையின் உயரம். பலர் தவறுவது இங்கேதான். உதாரணத்துக்கு, மேட்டு நிலக் கிணற்றில் தண்ணீர் 25 அடியில் நிற்கிறது, ஆற்றோரக் கிணற்றில் 15 அடியில் நிற்கிறது என்று வைப்போம். மேட்டுக்காரர்தான் பாவம் என்று தோன்றும். மேட்டு நிலம் கடல்மட்டத்திலிருந்து 60 அடி, ஆற்றோரம் 45 அடி என்றால், மேட்டுக் கிணற்றின் நீர்மட்டம் 35 அடி, ஆற்றோரக் கிணற்றில் 30 அடி. இரண்டும் ஒரே நீரடுக்கில் இருந்தால் தண்ணீர் மேட்டிலிருந்து ஆற்றை நோக்கித்தான் நகரும். அட்டவணையில் இது யாருக்கும் புரியாது. மெய்நிகர் ஊரில் தரைக்கு அடியில் இறங்கி, நீலக் கட்டிகள் சரிந்து போவதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். கைப்பேசி காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம். பல அடி தப்பும். வீடு கட்டும் மேஸ்திரியின் டியூப் லெவலே அதைவிட மேல். ஊர் முழுவதற்கும் பொதுவான மேடு பள்ளத்துக்கு இஸ்ரோவின் 'புவன்' தளத்தில் கிடைக்கும் உயரத் தரவைப் பயன்படுத்தலாம்.

கட்டும்போது குறுக்கே ஒரு கட்டி 10 மீட்டர், நெடுக்கே ஒரு கட்டி 1 அடி என்று வைத்துக்கொண்டால் 3 கிலோமீட்டர் ஊரை 300 கட்டிகளில் அடக்கிவிடலாம். ஒன்றரை நிமிடத்தில் நடந்து கடக்கலாம். ஆனால் மேடு பள்ளம் உண்மையைவிட 33 மடங்கு பெரிதாகத் தெரியும். இதை ஊரின் வாசலிலேயே பலகை வைத்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிறவர் மிரண்டுபோவார்.

படம் சொல்லும் பொய்

எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. எண்ணைச் சந்தேகப்படுகிறவர்கள்கூடப் படத்தைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள். இரண்டு கிணறுகளுக்கு இடையே அளவே எடுக்காத இடத்தையும் கணினி தானாகத் தண்ணீரால் நிரப்பிக் காட்டும். அதை நம்பி ஒருவர் போர் போட்டு, காய்ந்துபோனால் யார் பொறுப்பு? அளந்த இடத்தில் அழுத்தமான நீலம், ஊகித்த இடத்தில் கண்ணாடிக் கட்டி என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, திறந்த கிணற்றையும் ஆழ்குழாயையும் ஒரே நீர்மட்டமாக இணைப்பது. புதுச்சேரி வட்டாரத்தில் மேலே ஆற்று வண்டல், அதற்குக் கீழே கடலூர் மணற்கல், இன்னும் கீழே வானூர்-ராமநாதபுரம் மணற்கல் என்று நீரடுக்குகள் பல. ஒவ்வொன்றின் நீர்மட்டமும் வேறு. பாகூர் பக்கம் ஒரு காலத்தில் ஆழ்குழாயில் தண்ணீர் மோட்டார் இல்லாமலே தானாகப் பொங்கியது. புதுச்சேரியின் பொங்கு ஊற்றுக் கிணறுகளைப் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880-லேயே எழுதியிருக்கிறார். மேலே களிமண் மூடியிருக்க, கீழே அழுத்தத்தில் இருந்த தண்ணீர் அது. இன்று அந்த அழுத்தம் இல்லை. ஆகவே ஆழத்தைக் கேட்டு, அடுக்குக்கு ஒரு நிறம் கொடுத்துத்தான் கட்ட வேண்டும்.

கடல் பக்கம் உள்ள பாகூர், அரியாங்குப்பம் ஊர்களில் இதே வேலையைச் செய்கிறவர்கள் உப்பையும் சேர்த்துக் காட்டலாம். மின்கடத்தும் திறன் 2,250 மைக்ரோ சீமென்ஸைத் தாண்டிய நீரைச் சிவப்பாக்கினால் போதும். எந்தப் பக்கமிருந்து உவர்ப்பு ஏறி வருகிறது என்பது மாதா மாதம் தெரிந்துவிடும்.

கிணறுகளுக்கு உரிமையாளர் பெயர் வேண்டாம்; எண் போதும். யார் போர் யார் தண்ணீரை இழுக்கிறது என்ற சண்டை ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அளவெடுக்கும் முன் சம்மதம் கேட்பதும், எடுத்த அளவுகளின் நகலை ஊரிலேயே விட்டுப் போவதும் மரியாதை. மதிப்பெண் வாங்கியதும் தரவு கல்லூரி அலமாரியில் தூங்கிவிடக் கூடாது.

குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையத்தினரும், உழவர் உதவியக அலுவலர்களும் மாணவர்களுக்குக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, விவசாயிகளிடம் அறிமுகம் செய்துவைக்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் முதல் அளவை எடுத்தால், நீர் உச்சத்தில் இருக்கும் நிலை கிடைக்கும். சித்திரைக்குள் 6 அளவுகள் சேர்ந்துவிடும். அந்த 6 நிலைகளையும் அடுத்தடுத்துக் கட்டி, நடந்து போவதை 5 நிமிடக் காணொளியாகப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், சொர்ணவாரி நாற்றங்காலுக்கு முன் ஊர் முழுக்கப் பார்த்துவிடும். முதலில் வீட்டுக் கிணற்றிலேயே கயிறு இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.