டிரம் கோர் பருவத்தின் முதல் போட்டி

டிரம் கோர் பருவத்தின் முதல் போட்டி என்பது, அமெரிக்காவின் இளைஞர் அணிவகுப்பு இசைக்குழுக்கள் தம் புதிய நிகழ்ச்சியைப் பார்வையாளர்கள், நடுவர்கள் ஆகியோர் முன்னிலையில் முதன்முறையாக நிகழ்த்தும் நாளாகும். இது பெரும்பாலும் ஜூன் மாதப் பிற்பகுதியில் அமைகிறது. பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள், கொடிகளைச் சுழற்றி ஆடும் கலர் கார்டு ஆகிய பிரிவுகளைக் கொண்ட குழுவே டிரம் கோர் எனப்படுகிறது. புல்லாங்குழல், கிளாரினெட் போன்ற கருவிகளுக்கு இதில் இடமில்லை.

1971இல் உருவான டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு இப்போட்டிகளை நடத்துகிறது. அதன் முதல் சாம்பியன் போட்டி 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வொயிட்வாட்டர் நகரில் நடந்தது. அதில் கலிபோர்னியாவைச் சேர்ந்த அனாஹெய்ம் கிங்ஸ்மென் குழு வென்றது. இப்போது இறுதிப்போட்டி ஆகஸ்ட் மாதம் இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் விளையாட்டரங்கில் நடைபெறுகிறது.

முதல் போட்டிக்கு முன்

குளிர்காலத்தில் தேர்வும் வார இறுதி முகாம்களும் நடந்து முடிந்தபின், மே மாதத்தில் உறுப்பினர்கள் ஓரிடத்தில் தங்கிப் பயிற்சி பெறத் தொடங்குவர். பகல் முழுவதும் வெயிலில் பயிற்சி. நாளுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம். இரவில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக்கூடத் தரையில் உறக்கம். இதற்கு ஊதியம் எதுவும் இல்லை. உறுப்பினர்களே பல ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்திச் சேருகின்றனர்.

அமெரிக்கக் கால்பந்து மைதானம் 100 கெஜ நீளம் உடையது. அதன் குறுக்கே 5 கெஜத்திற்கு ஒரு கோடு இருக்கும். அந்த 5 கெஜத்தை 8 அடிகளில் கடப்பது வழக்கமான அளவு. அதாவது ஓர் அடி 22.5 அங்குலம். நிகழ்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் தாம் நிற்க வேண்டிய இடத்தை, இக்கோடுகளிலிருந்து எத்தனை அடி தொலைவு என்று உறுப்பினர்கள் சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வர். அந்த இடம் 'டாட்' எனப்படும்.

களத்தில் நிகழ்வது

பயிற்சியின்போது பெரும்பாலும் ஒலிபெருக்கியில் மெட்ரோனோம் ஒலித்துக்கொண்டிருக்கும். போட்டியில் அது கிடையாது. மைதானத்தின் அகலம் ஏறத்தாழ 49 மீட்டர் என்பதால், பின்கோட்டில் எழும் ஒலி முன்கோட்டை அடைய 0.14 வினாடி ஆகிறது. நிமிடத்திற்கு 180 அடி வேகத்தில் இது ஒரு தாள அடியில் ஐந்தில் இரண்டு பங்கு. எனவே பின்னால் நிற்போர் டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசிக்கின்றனர். முன்னால் இருப்போரோ பின்னாலிருந்து வரும் முரசொலியைக் கேட்டே தாளம் பிடிக்கின்றனர். கூட்டம் ஆரவாரிக்கும்போது அந்த முரசொலி மங்கிவிடும். பயிற்சிக் களத்தில் எதிர்கொள்ளாத சிக்கல் இது.

சீருடையின் வெப்பம், பார்வையை மறைக்கும் தொப்பி, பகலுக்குப் பதில் இரவு விளக்கு எனப் பலவும் அன்று மாறுகின்றன. பதற்றத்தில் தாளம் ஓடுவது இயல்பு. ஆனால் மிகக் கடினமானது வேறொன்று. அருகில் இருப்பவர் தவறான இடத்திற்குப் போய்விட்டால், தன் டாட்டில் நிற்பதா, வரிசையின் வடிவத்தைக் காப்பதா? பயிற்சியில் டாட், போட்டியில் வடிவம் என்பதே பல பயிற்றுநர்கள் சொல்லும் விதி. ஒரு மாதமாக அங்குலம் பார்த்துப் பழகிய கால்கள், அன்றைக்கு ஓரக்கண்ணால் பக்கத்து ஆளைப் பார்த்து நகர வேண்டும். புதிய உறுப்பினர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகின்றனர்.

நிகழ்ச்சியே அன்று முழுமையடைந்திருக்க வேண்டும் என்பதில்லை. இறுதிப் பகுதிக்கு நடை அமைத்து முடியாத குழுக்கள் அதை நின்றபடியே வாசிப்பதும், சில நிமிடங்களை விட்டுவிடுவதும் உண்டு.

புள்ளிகள்

மொத்தம் 100 புள்ளிகளில் ஒட்டுமொத்த விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30 எனப் பிரிக்கப்படுகிறது. முற்காலத்தில் நடுவர்கள் ஒவ்வொரு பிழைக்கும் 0.1 புள்ளியைக் கழித்து வந்தனர். அம்முறை 1980களின் நடுவில் கைவிடப்பட்டது. பிழையை எண்ணுவதை நிறுத்தி, நிகழ்ச்சியின் அமைப்பையும் சாதித்த அளவையும் மதிப்பிடத் தொடங்கியதால்தான் துணிச்சலான வடிவமைப்புகளுக்கு இடம் கிடைத்தது எனலாம். முன்னணிக் குழுக்கள்கூட ஜூனில் பொதுவாக 60, 70களில்தான் தொடங்குகின்றன. இறுதிப்போட்டியில் வெல்வதற்கோ 95க்கு மேல் தேவைப்படும். 2014இல் புளூ டெவில்ஸ் குழு 99.65 பெற்றது. ஆகவே முதல் நாள் புள்ளியைக் கொண்டு ஆகஸ்டைக் கணிப்பது சரியாக அமைவதில்லை. ரசிகர்கள் கணிக்காமல் இருப்பதும் இல்லை.

குழுவுக்கு அதைவிடப் பயன்படுவது நடுவர்களின் குரல் பதிவு. நிகழ்ச்சி நடக்கும்போதே அவர்கள் தம் கருத்துகளைப் பேசிப் பதிவு செய்கின்றனர். வடிவமைப்பாளர்கள் அதைக் கேட்டு எதை நீக்குவது, எதைத் திருத்துவது என்று முடிவு செய்வர்.

வயது வரம்பு

போட்டிக் குழுக்களில் பங்கேற்க வயது வரம்பு 21. அதை எட்டியவர்களுக்கு அந்த முதல் போட்டி, கடைசிப் பருவத்தின் தொடக்கமுமாகும். 2020இல் கொரோனா பெருந்தொற்றால் பருவம் முழுவதும் கைவிடப்பட்டது; குளிர்கால முகாம்களில் பயிற்சி பெற்றவர்கள் அந்த ஆண்டு களத்தில் இறங்கவே இல்லை.

போட்டி முடிந்த இரவே கருவிகள் லாரியில் ஏற்றப்படும். குழு பேருந்தில் அடுத்த ஊருக்குப் புறப்படும். மறுநாள் காலைப் பயிற்சியில் புதிய டாட்டுகள் வழங்கப்பட, பழைய எண்கள் குறிப்பேட்டில் அடிக்கப்படும்.