வெளிச்சத்தைப் பங்கிடுதல்: வீட்டுத்திரை பற்றிச் சில குறிப்புகள்

தமிழில் சினிமா பற்றி எழுதப்பட்டவற்றில் கதை உண்டு, நடிகர் உண்டு, வசனம் உண்டு, கட்சி உண்டு. படம் விழுகிற துணியைப் பற்றி மட்டும் ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. துணி வெறும் துணிதானே என்கிற நினைப்பு இதற்குக் காரணமாக இருக்கலாம். தாளும் அச்சும் விலையும்கூட ஒரு புத்தகத்தின் வாசிப்பைத் தீர்மானிக்கின்றன என்பதை இலக்கிய விமர்சனத்தில் ஓரளவு ஒப்புக்கொண்டுவிட்டோம். திரைக்கு அந்த மரியாதை இன்னும் வரவில்லை.

இதை எழுத நடைமுறைக் காரணம் ஒன்றும் இருக்கிறது. சிறிய எல்.ஈ.டி. புரொஜக்டர்கள் இன்று ஒரு நடுத்தரக் கைபேசியின் விலைக்கே கிடைக்கின்றன. வாசகர் வட்டம் நடத்துகிறவர்கள், தொழிற்சங்கத்துக்காரர்கள், ஆவணப்படம் எடுத்துவிட்டுத் திரையிட இடம் தேடுகிறவர்கள் என்று பலரும் வாங்குகிறார்கள். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில் படம் போடுவது தெரிந்து வருகிற நண்பர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஏனுங்க, சுவரே வெள்ளையாத்தான இருக்குது, திரை வேற எதுக்குங்க?" நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

1

கோவைக்காரர்களுக்கு இந்தப் பேச்சு அந்நியமானதல்ல. ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் சில படச்சுருள்களையும் வாங்கி, கூடாரம் கட்டி ஊர் ஊராகப் படம் காட்டினார். பிறகு 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் அதே பெயர்தான். 1930களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான 'ராஜகுமாரி' (1947) ஜூபிடர் நிறுவனத்தாருக்காக அங்கேதான் உருவானது. சுற்றிலும் பஞ்சாலைகள். நெய்வதும் படம் காட்டுவதும் ஒரே ஊரின் தொழில்களாக இருந்தன. ஆனாலும் துணிக்கும் படத்துக்கும் உள்ள உறவு நம் பேச்சில் ஏறவில்லை.

ஒரே கூரையின் கீழ் தமிழர் அனைவரும் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதித் தகுதியல்ல, வாங்கும் சக்தி என்பது அவர் வாதம். தரை, பெஞ்சு, சேர் என்ற பிரிவு அப்படி வந்தது. இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இருக்கையை டிக்கெட் பிரித்தது போலவே, இருக்கைக்கு வந்து சேரும் வெளிச்சத்தைத் திரையும் பிரிக்கிறது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் லூமியேர் சகோதரர்கள் 21 மீட்டர் அகலத் திரை ஒன்றை எழுப்பினார்கள். ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் துணியைத் தண்ணீரில் நனைத்தார்கள். நனைந்த துணியில் வெளிச்சம் ஊடுருவும் என்பதால் முன்னால் இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் படம் பார்க்க முடிந்தது. யாருக்குப் படம் தெரிய வேண்டும் என்ற கேள்விக்குத் துணியின் ஈரமே அங்கு விடை சொன்னது.

2

கடைக்காரர் முதலில் சொல்வது 'கெயின்' என்ற எண்ணை. மெக்னீசியம் கார்பனேட் வெள்ளைப் பரப்பு ஒன்று எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்புகிறதோ அதை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அளக்கிறார்கள். கெயின் 2 என்றால் இரண்டு மடங்கு பளிச்சென்று இருக்கும் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் நடுவில் இருப்பவருக்கு மட்டும்.

திரை எந்த வெளிச்சத்தையும் உண்டாக்குவதில்லை. வந்து விழுவதைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே. ஆகவே நடுவுக்கு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டுமென்றால் ஓரத்திலிருந்து எடுத்துத்தான் கொடுக்க முடியும். மினுமினுப்பான பூச்சு இந்த வேலையைச் செய்கிறது. அலுமினியப் பூச்சு கொண்ட பழைய திரைகளும் அப்படித்தான். 'வெள்ளித்திரை' என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. முப்பரிமாணப் படத்துக்குத் துருவ ஒளி கலையாமல் திரும்ப வேண்டும் என்பதால் அங்கே வெள்ளிப்பூச்சு தேவைப்படுகிறது. மற்றபடி வீட்டுக்கு அதனால் லாபமில்லை. மினுமினுப்பில்லாத வெள்ளைப் பரப்பு, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தைத் தரும்.

ழான் லூயி போத்ரி 1970இல் புரொஜக்டர், திரை, பார்வையாளன் என்ற ஏற்பாட்டையே ஒரு கருத்தியல் இயந்திரமாகப் படித்தார். நம் சூழலிலும் அது நிறைய மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் போத்ரியின் பார்வையாளன் எப்போதும் நடு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். நம் வீடுகளில் அப்படியா? பத்தடிக்குப் பதினாலடி முன்னறை. நடுவில் ஜமுக்காளம், அதில் ஆண்கள், விவாதிக்க வந்தவர்கள். சுவரோரமாகக் குழந்தைகள். சமையலறை வாசலில், பாதிப் படத்தில் எழுந்துபோக வேண்டியிருப்பதால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிற பெண்கள். அவர்கள் திரையை ஏறத்தாழ 45 டிகிரிக் கோணத்தில் பார்க்கிறார்கள். அதிக கெயின் உள்ள திரை அவர்களிடமிருந்துதான் எடுக்கிறது. நடுவில் இருப்பவர் "படம் ஜோரா இருக்குதுங்க" என்பார். ஓரத்தில் இருப்பவருக்கு அது மங்கலாகத் தெரியும். மங்கலாக இருப்பதுதான் படத்தின் இயல்பு என்றே அவர் நினைத்துக்கொள்வார்.

எனவே கெயின் 1, அல்லது 1.1. கடையில் கெயினை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை டிகிரியில் வெளிச்சம் பாதியாகிறது என்பதையும் கேளுங்கள். அது 'பாதி கெயின் கோணம்'. நல்ல தயாரிப்பாளர்கள் அதையும் அச்சிட்டிருப்பார்கள்.

3

அடுத்தது அளவு. பெரிய திரை என்றால் நல்ல திரை என்ற மயக்கம் எல்லோருக்கும் உண்டு. அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமன் போட்டிருக்கும், அதை நம்ப வேண்டாம். 'ஆன்சி லூமன்' எவ்வளவு என்று பாருங்கள். மலிவான கருவிகளில் அது 300 அளவில் இருந்தால் பரவாயில்லை.

இந்த 300ஐத் திரையின் சதுர அடியால் வகுத்தால் ஒரு சதுர அடிக்கு வரும் வெளிச்சம் கிடைக்கும். கெயின் 1 திரையில் அந்த எண்ணை 'ஃபுட் லாம்பர்ட்' என்பார்கள். டிஜிட்டல் தியேட்டர்களின் தர அளவு 14. 16:9 விகிதத்தில் 80 அங்குலத் திரை ஐந்தே முக்கால் அடி சொச்சம் அகலம், மூணேகால் அடி உயரம், சுமார் 19 சதுர அடி. 300ஐ 19ஆல் வகுத்தால் 15 சொச்சம். தியேட்டருக்குச் சமம். அதையே 120 அங்குலமாக்கினால் பரப்பு 42 சதுர அடியைத் தாண்டும், வெளிச்சம் 7க்கு இறங்கும். அகலம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்று. ஆசைக்கு எல்லை இந்தக் கணக்குதான்.

உட்காரும் தூரம், அகலத்தின் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குள். ஆறடி அகலத் திரைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு அடி. புரொஜக்டரை எங்கே வைப்பது என்பதை அதன் 'த்ரோ' எண் சொல்லும். 1.4 என்று போட்டிருந்தால் ஆறடிப் படத்துக்கு 8.4 அடி தள்ளி வைக்க வேண்டும். திரை வாங்குவதற்கு முன்னால் கருவியை வைத்துச் சுவரில் படத்தை விழச் செய்து, பென்சிலால் நான்கு மூலையையும் குறித்துக்கொள்வது உத்தமம். கருவியைச் சாய்த்து வைத்துவிட்டு 'கீஸ்டோன்' பொத்தானால் நேராக்குவது சுலபமான வழிதான். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் படத்தின் புள்ளிகளில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். கருவியையே நேராக வையுங்கள்.

விகிதம் பற்றியும் ஒரு வார்த்தை. 'ராஜகுமாரி' காலத்துப் படங்கள் 1.37 விகிதம், ஏறக்குறையச் சதுரம். தமிழின் முதல் சினிமாஸ்கோப்பான 'ராஜராஜ சோழன்' (1973) 2.35. இரண்டையும் 16:9 திரையில் காட்டினால், முன்னதற்குப் பக்கங்களிலும் பின்னதற்கு மேலும் கீழும் இடம் மிச்சமாகும். மிச்சத்தை நிரப்புவதற்காகப் பழைய படத்தை இழுக்காதீர்கள். ஆட்கள் குட்டையாகத் தடித்துத் தெரிவார்கள். கருப்புத் துணியில் நான்கு பட்டைகள் தைத்து வைத்துக்கொண்டு காலி இடத்தை மறைத்தால் போதும். படத்தின் விளிம்பு துல்லியமாகும்.

4

இனி கருப்பு. திரை விஷயத்தில் மிகவும் கவனிக்கப்படாதது இதுதான்.

எந்தப் புரொஜக்டராலும் கருப்பை வீச முடியாது. வெளிச்சம் விழாத இடத்தைத்தான் நாம் கருப்பு என்கிறோம். ஆகவே படத்தின் கருப்பு திரையிலோ கருவியிலோ மட்டும் இல்லை, அறையிலும் இருக்கிறது. மேலே சொன்ன 80 அங்குலத் திரையில் படத்தின் வெள்ளை சுமார் 170 லக்ஸ். ட்யூப்லைட் எரிந்து திரைமேல் 100 லக்ஸ் விழுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது படத்தின் வெள்ளை, கருப்பைப் போல மூன்று மடங்குகூட இராது. விளக்கை அணைத்து, சன்னலை மூடி, அதை ஒரு லக்ஸுக்குக் கொண்டுவந்தால் நூறு மடங்கைத் தாண்டலாம்.

இது வெறும் அழகியல் பிரச்சனை அல்ல. அறையில் வெளிச்சம் இருந்தால் முதலில் அழிவது படத்தின் இருண்ட பகுதிகள். பவுடர் பூசிய கதாநாயகியின் முகம் தப்பித்துவிடும். சாயப்பட்டறையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிறவரின் கருத்த முகம் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும், கண் எங்கே கன்னம் எங்கே என்று தெரியாது. கோடக் நிறுவனம் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படமுள்ள 'ஷெர்லி' அட்டையை வைத்தே தோலின் நிறத்தைச் சரிபார்த்தது. படச்சுருளில் நடந்த அந்தப் பாரபட்சத்தைப் பற்றிப் பேசுகிற நாம், ட்யூப்லைட்டை எரியவிட்டு அதையே நம் முன்னறையில் மறுபடி செய்கிறோம். உழைப்பாளிகளைப் பற்றிய படத்தைப் போட்டுவிட்டு அவர்களுடைய முகத்தை அழித்துவிடுகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. சன்னலுக்குக் கனத்த போர்வை. திரையை ஒட்டிய பக்கச் சுவரிலும் கூரையிலும் படத்தின் வெளிச்சமே பட்டுத் திரும்பி வரும், அங்கே ஓர் இருண்ட சேலையைத் தொங்கவிடலாம். சாம்பல் நிறத் திரை கருப்பை ஆழமாக்கும், ஆனால் வெள்ளையையும் குறைக்கும். 300 லூமன் கருவிக்கு அது கட்டாது. வெளிப்புற வெளிச்சத்தைத் தள்ளிவிடும் விசேஷத் திரைகளும் உண்டு. விலை அதிகம், பலவற்றில் ஓரத்து இருக்கை மறுபடி நஷ்டப்படும்.

5

எதில் செய்வது? சுவரே போதுமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு மினுமினுப்பு கிடையாது, அந்த வகையில் நல்ல பரப்பு. ஆனால் நம்மூரில் சுண்ணாம்போடு நீலம் கலப்பார்கள், படமும் நீலம் பாயும். கொத்தனாரின் கரணை மேடுபள்ளம் காமிரா நகரும்போது அலையாகத் தெரியும். பட்டி பார்த்து, தேய்த்து, மினுமினுப்பில்லாத தூய வெள்ளை எமல்ஷன் இரண்டு கை அடித்தால் சுவரே நல்ல திரை. நிரந்தரமாக ஓரிடத்தில் பார்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இடம் மாறி மாறிக் காட்டுகிறவர்களுக்குத் துணி. சோமனூர், பல்லடம் தறிகளில் ஓடுகிற காடாத் துணி மலிவு. ஆனால் வெளுக்காத காடா மஞ்சள் பாயும், வெளுத்ததை வாங்குங்கள். படத்தின் நடுவில் தையல் வராத அகலம் வேண்டும். ஒற்றைத் துணியில் பாதி வெளிச்சம் பின்னால் போய்விடும் என்பதால், பின்புறம் கருப்புத் துணியோ இரண்டாவது வெள்ளைத் துணியோ கொடுக்க வேண்டும். கருப்பு, பின்னாலிருந்து வரும் தெருவிளக்கைத் தடுக்கும். வெள்ளை, படத்தைக் கொஞ்சம் பளிச்சாக்கும். துணியில் இன்னொரு நன்மை, ஸ்பீக்கரைப் பின்னால் வைத்தால் ஓசை ஊடுருவி வரும். வசனம் பேசுகிற வாயிலிருந்தே வருவதுபோல் இருக்கும். தியேட்டர் திரையில் நுண்ணிய துளைகள் இடுவதும் இதற்காகவே.

கூட்டம் முடிந்த பிறகு கழற்றிய ஃப்ளெக்ஸின் பின்புறத்தைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அவசரத்துக்குச் சரி. சுருக்கம் விழாது, மழைக்குத் தாங்கும். ஆனால் லேசான பளபளப்பு நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டை உண்டாக்கும். பின்னால் விளக்கு இருந்தால் தலைவரின் முகமும் படத்தோடு சேர்ந்து தெரியும்.

கட்டும்போது மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய், பக்கங்களில் அடிக்கொரு வளையம் போட்டுக் கயிற்றால் இழுங்கள். மேலே மட்டும் கட்டினால் சுருக்கம் போகாது. தெருவில் காற்றுக்குத் துணி பாய்மரம் மாதிரி ஆகும், கம்பங்களுக்குப் பின்னிழுப்புக் கயிறு அவசியம். தரையில் உட்காருகிற கூட்டமென்றால் திரையின் கீழ்விளிம்பு மூன்றடிக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் பின்வரிசைக்கு முன்வரிசையின் தலைகள்தான் தெரியும்.

எல்லாம் கட்டி முடித்த பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். ராத்திரிக் காட்சி ஒன்றை ஓடவிட்டு, நடுவில் உட்காராமல் சமையலறை வாசலிலோ கூட்டத்தின் கடைசி ஓரத்திலோ போய் உட்காருங்கள். அங்கிருந்து பார்க்கும்போது இருட்டில் நிற்கிற ஆளின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் படத்தை ஆரம்பிக்க வேண்டாம், முதலில் இன்னொரு சன்னலை மூடுங்கள்.