கியர் இல்லாத வண்டி: சட்டத்தின் கணக்கும் மலையின் கணக்கும்

அலிபிரி என்ற பெயருக்கு நம் பெரியவர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள். மலையடிவாரத்தில் ஒரு புளியமரம் இருந்ததாம். அதன் நிழலில்தான் இராமாநுசர் தம் மாமன் திருமலை நம்பியிடம் இராமாயணப் பொருள் கேட்டாராம். அந்த 'அடிப்புளி' தெலுங்கு வழக்கில் அலிபிரி ஆயிற்று என்பது அவர்கள் கூற்று. 'அடிப்படி' என்பதே மருவியது என்று சொல்வோரும் உண்டு. எது சரியானாலும், மலை ஏறுமுன் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டிய இடம் அது. நானும் அங்கே நின்று ஒரு விஷயத்தை யோசிக்கும்படி வாசகர்களை அழைக்கிறேன்.

அடியேன் வந்தவாசிப் பக்கத்துக்காரன். நாற்பது வருஷமாகத் திருப்பதியில் சைக்கிள், மொபெட் உதிரிபாகம் விற்றுப் பிழைப்பவன். எஞ்சினியரிங் படித்தவனல்ல, வக்கீலும் அல்ல. வண்டியைப் பிரித்துப் பார்த்தும், சட்டப் புத்தகத்தை விலைக்கு வாங்கிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் நம் சங்கத்து நண்பர் ஒருவர் கடைக்கு வந்தார். "அண்ணே, பேரனுக்குப் பதினாறு முடிஞ்சிருச்சு. கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் குடுப்பாங்கல்ல? ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்துடலாம்னு இருக்கேன். இன்டர் காலேஜுக்கும் ஆச்சு, சனிக்கிழமை சனிக்கிழமை மலைக்கும் போயிட்டு வந்துடுவான். கியர் இல்லாததுதானே, என்ன பயம்?" என்றார்.

இந்தப் பேச்சில் இரண்டு நம்பிக்கைகள் உள்ளன. கியர் இல்லாவிட்டால் பதினாறு வயது போதும் என்பது ஒன்று. கியர் இல்லாவிட்டால் மலையில் ஆபத்தில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. அவர் மட்டுமல்ல, நம்மில் பாதிப்பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கியர் என்பது என்ன?

நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிறவன் சின்னச் சின்ன அடியாக வைப்பான். வெறுங்கையோடு சமதரையில் நடப்பவன் எட்டிப் போடுவான். கால் அதே கால்தான், அடியின் அளவுதான் வேறு. எஞ்சினுக்கு இந்த அடியின் அளவை மாற்றிக் கொடுப்பதுதான் கியர். எஞ்சின் பல சுற்றுச் சுற்றி சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வேகம் குறையும், இழுவை கூடும். அது மேட்டுக்கு ஏற்றது. வேகம் பிடித்தபின் எஞ்சின் சுற்றைக் குறைத்துக்கொள்ளலாம். அது சமதரைக்கு ஏற்றது.

இந்த மாற்றத்தைக் கையாலோ காலாலோ செய்வது பழைய முறை. தானாகவே செய்துகொள்ளும் வண்டிகள் நம் நாட்டில் வளர்ந்த கதை சுவையானது. 1972-இல் பூனாவில் இருந்து லூனா வந்தது. மிதிகட்டை உள்ள சைக்கிளில் மோட்டார் பூட்டியது போன்ற வண்டி அது. 1980-இல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தது. இருவர் உட்காரக்கூடிய மொபெட் என்பதால் கிராமத்து வியாபாரிக்கு அது ஒரு வரப்பிரசாதம். இவ்விரண்டிலும் கியர் மாற்றம் என்பதே இல்லை, ஒரே விகிதம்தான். ஆனால் கிளட்ச் தானாக இயங்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே இருக்கும் கட்டைகள் ராட்டினத் தொட்டில் போல வெளிப்பக்கம் விரிந்து, சுற்றியுள்ள டிரம்மைக் கவ்வும். ஆக்சிலேட்டரை விட்டால் கட்டைகள் சுருங்கிப் பிடி விடும்.

1984-இல் வந்த கைனெடிக் ஹோண்டா ஸ்கூட்டர் இன்னும் ஒரு படி மேலே போனது. இன்றைய ஆக்டிவா வரை அதே தத்துவம்தான். இரண்டு கப்பிகளும் நடுவில் ஒரு பெல்ட்டும் இருக்கும். ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரே வைத்த இரண்டு தட்டுகளால் ஆனது. எஞ்சின் வேகம் கூடக்கூட முன்கப்பிக்குள் இருக்கும் உருளைகள் வெளியே நகர்ந்து தட்டுகளை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். அதே சமயம் பின்கப்பி விரிந்து பெல்ட் உள்ளே இறங்கும். விகிதம் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டே மாறும். ஆக, 'கியர் இல்லாத ஸ்கூட்டர்' என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணற்ற கியர் உள்ள வண்டி! அதை மாற்றும் வேலைதான் நமக்கு இல்லை.

சட்டத்தின் கணக்கு

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் லைசென்ஸைப் பிரிக்கும்போது 'கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்', 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்று 10-ஆம் பிரிவில் இரண்டு வகை சொல்கிறது. வயது பற்றிச் சொல்வது 4-ஆம் பிரிவு. பதினெட்டு நிறையாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது என்பது விதி. பதினாறு நிறைந்தவருக்கு ஒரு விலக்கு உண்டு. முதலில் எழுதியபோது அந்த விலக்கு கியர் இல்லாத மோட்டார் சைக்கிளுக்கு என்றிருந்தது. 1994-இல் செய்த திருத்தம் அதை மாற்றி, 'எஞ்சின் கொள்ளளவு 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிள்' என்று ஆக்கிவிட்டது. ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பழகுநர் லைசென்ஸ் தர பெரியவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்கிற 7-ஆம் பிரிவில் இன்னமும் 'கியர் இல்லாத' என்ற பழைய சொல்லே இருக்கிறது. குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, 50 சிசி வண்டி எங்கே இருக்கிறது? இங்கேதான் நம் ஜனங்கள் பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஊரில் எந்த மொபெட்டைப் பார்த்தாலும் 'டிவிஎஸ் ஃபிஃப்டி' என்றே சொல்கிறோம். பழைய டிவிஎஸ் 50 உண்மையிலேயே அந்த அளவுக்குள் அடங்கியது. பிறகு வந்த எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி. 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 வண்டியோ 99.7 சிசி. வாயில் ஐம்பது, எஞ்சினில் நூறு! ஆக்டிவா வகை ஸ்கூட்டரெல்லாம் நூறைத் தாண்டியவை. கியர் இல்லை என்பதற்காக இவற்றில் ஒன்றைக்கூடப் பதினாறு வயதுப் பையன் ஓட்ட முடியாது.

ஓட்டினால் என்ன ஆகும்? 2019 செப்டம்பர் 1 முதல் அமலான 199ஏ பிரிவு, சிறுவன் செய்த குற்றத்துக்கு அவனுடைய பாதுகாவலரையோ வண்டிச் சொந்தக்காரரையோ குற்றவாளியாக்குகிறது. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தமக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்றால் அதைப் பெரியவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் உண்டு. கனரக வாகன லைசென்ஸ் மட்டும் வைத்திருந்த ஒருவர் ஸ்கூட்டர் ஓட்டி விபத்து நேர்ந்த வழக்கில், அது வேறு வகை வண்டி, ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. லாரி ஓட்டத் தெரிந்தவருக்கே இந்தக் கதி. 'கியர் இல்லாத' லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்டும் பிள்ளைகளின் பெற்றோர் இதை மனதில் வைக்க வேண்டும். கிளட்ச் லிவர் இல்லாமல் காலால் மட்டும் கியர் மாற்றும் வண்டிகளும் இங்கே விற்றிருக்கின்றன; 2009-இல் வந்த டிவிஎஸ் ஜைவ் ஓர் உதாரணம். அதில் கியர் இருக்கிறது, ஆகவே கியர் லைசென்ஸ் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

மின்சார சைக்கிள் பற்றியும் நிறையப்பேர் கேட்கிறார்கள். மோட்டாரின் அரைமணி நேரச் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்றும் இருந்தால், அது மோட்டார் வாகனமே அல்ல, லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். வாங்கும்போது கடைக்காரன் வாய்ச்சொல்லை நம்பாமல் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரனான நானே சொல்கிறேன்!

மலையின் கணக்கு

இனி அலிபிரிக்கு வருவோம். மேலே போவதற்கு ஒரு ரோடு, இறங்குவதற்கு 1944-இல் திறந்த பழைய ரோடு. திருப்பதிக்கும் திருமலைக்கும் உயர வித்தியாசம் சுமார் 700 மீட்டர். ஸ்கூட்டரும் இரண்டு ஆளும் சேர்ந்து 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சினோ பிரேக்கோதான் தாங்க வேண்டும்.

கியர் பைக்காரர் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். தானியங்கி ஸ்கூட்டரில் அந்த வசதி குறைவு. ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு மெதுவாக வரும்போது, முன்னே சொன்ன கிளட்ச் கட்டைகள் சுருங்கிப் பிடி விட்டுவிடும். அப்புறம் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமில்லை, வண்டி உருளும் கல்தான். பயத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் டிரம்மும் ஷூவும் சூடேறி, பாதி வழியில் பிடிப்பு குறைந்துவிடும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இதைவிட மோசம். இப்படிக் கருகி வந்த பிரேக் ஷூவை நான் எத்தனையோ தடவை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். வந்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள், உயிரோடு வந்து நின்றார்கள்.

இறங்கும்போது ஆரம்பத்திலேயே வேகத்தை அடக்குங்கள். இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். தீய்ந்த வாசனை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். 2023 ஆகஸ்டில் சிறுத்தை நடமாட்டத்தால் மாலை 6 மணிக்கு மேல் இருசக்கர வண்டிகளை மலைப்பாதையில் விடாமல் தேவஸ்தானம் கட்டுப்படுத்தியது. இந்த நேரங்கள் அவ்வப்போது மாறுகின்றன. கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ ரெண்டு வருஷம் பொறுக்கணுங்கறீங்க" என்றார். "பேரனுக்கு ரெண்டு வருஷம் ஒண்ணும் பெரிசில்லைங்க. உங்க பேருல கேஸ் வந்தா, இல்ல அவனுக்கே ஏதாவது ஆச்சுன்னா, அதுதான் பெரிசு" என்றேன். ஸ்கூட்டருக்குப் பதில் ஒரு நல்ல மிதிவண்டி வாங்கிப் போனார். பையன் இப்போது காலேஜுக்கு அதில்தான் போகிறான். சனிக்கிழமைகளில் அலிபிரியில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படியேறிப் போகிறானாம். மேட்டில் சின்ன அடி, சமதரையில் பெரிய அடி. கியர் மாற்றுவதை அவன் கால்களே கற்றுக்கொண்டிருக்கின்றன.