நினைவு நாணய முன்பதிவு

நினைவு நாணய முன்பதிவு என்பது, இந்திய அரசு வெளியிடும் சிறப்பு நாணயங்களை, அவை கைக்குக் கிடைப்பதற்குப் பல வாரங்களோ மாதங்களோ முன்னரே முழு விலையையும் செலுத்திப் பதிந்துகொள்ளும் முறையாகும். தலைவர்களின் நூற்றாண்டு, நிறுவனங்களின் பொன்விழா, வரலாற்று நிகழ்வுகள் முதலியவற்றை முன்னிட்டு இந்நாணயங்கள் வெளியிடப்படுகின்றன. முகமதிப்பைப் போலப் பல மடங்கு விலை, பொருளைக் காணுமுன்னரே முழுப்பணம், பொருள் வந்துசேரும் நாள் உறுதியாகத் தெரியாமை ஆகிய மூன்றும் நாணயச் சேகரிப்பாளர்களின் நெடுநாளைய மனக்குறைகளாக இருந்து வருகின்றன. அசையும் பொம்மை உருவங்களைச் சேகரிப்போர் உலகின் பிற பகுதிகளில் எழுப்பும் குறைகளும் ஏறத்தாழ இவையே. இந்தியாவில் இச்சிக்கலை அரசே விற்பனையாளராக இருக்கும் நாணயத் துறையில் தெளிவாகக் காணலாம்.

பின்னணி

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நினைவு நாணயம் ஜவகர்லால் நேருவின் மறைவையொட்டி 1964ஆம் ஆண்டில் வெளியானது. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969இல் வெளியான 10 ரூபாய் வெள்ளி நாணயம் சேகரிப்பாளர்களிடையே இன்றும் புகழ்பெற்றது. அதன்பின் நினைவு நாணயங்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகியது.

நாணயங்கள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் உள்ள நாணயச்சாலைகளில் அடிக்கப்படுகின்றன. முன்னர் நடுவண் நிதியமைச்சின் நேரடி ஆளுகையில் இருந்த இச்சாலைகள், 2006இல் தோற்றுவிக்கப்பட்ட அரசு நிறுமம் ஒன்றின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. தமிழ்நாட்டில் இப்பொழுது நாணயச்சாலை எதுவும் இல்லை. சென்னையில் இயங்கிய நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. அதன் நினைவைத் தங்கசாலைத் தெரு என்னும் பெயர் இன்றும் தாங்கி நிற்கிறது. எனவே தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் காமராசர் நாணயத்தையும் அண்ணா நாணயத்தையும் கூட வெளிமாநிலத்திலிருந்து அஞ்சலில் வரவழைக்க வேண்டியவராகிறார்.

ஒரே நினைவுக்கு இரு நாணயங்கள்

நினைவு நாணயங்கள் பெரும்பாலும் இணையாக வெளியிடப்படுகின்றன. ஒன்று குறைந்த மதிப்புடையது; வங்கிகளின் வழியே புழக்கத்துக்கு வரும். காமராசர், அறிஞர் அண்ணா ஆகியோரின் 5 ரூபாய் நாணயங்கள் இவ்வகையின. அண்ணாவின் தமிழ்க் கையொப்பம் பொறித்த 5 ரூபாய் நாணயம் பேருந்து நடத்துநர் தரும் மீதிச் சில்லறையிலேயே பலருக்குக் கிடைத்தது. அதற்குக் கூடுதலாக எவரும் ஒரு காசும் கொடுக்கவில்லை.

மற்றொன்று 100 ரூபாய், 1000 ரூபாய் போன்ற உயர்ந்த முகமதிப்பைத் தாங்கிய வெள்ளிக் கலப்பு நாணயம். இது புழக்கத்துக்கு விடப்படுவதில்லை. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி 1000 ரூபாய் வரையிலான மதிப்பில் நாணயம் வெளியிடலாம். சட்டப்படி செல்லத்தக்கதாயினும் இத்தகைய நாணயத்தைக் கடையில் கொடுத்து எவரும் பொருள் வாங்குவதில்லை. முன்பதிவு தேவைப்படுவது இவ்வகைக்கே.

சேகரிப்பு நாணயங்களிலும் இரு தரங்கள் உண்டு. ‘புரூஃப்’ எனப்படும் தரத்தில், மெருகேற்றிய வில்லையை மெருகேற்றிய அச்சால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிப்பர். இதனால் பின்புலம் கண்ணாடி போலவும் உருவம் பனிபடர்ந்தது போலவும் தோன்றும். ‘யு.என்.சி.’ என்பது புழங்காத புதுநாணயத்தைக் குறிக்கும். முன்னதன் விலை கூடுதல்.

முகமதிப்பும் விற்பனை விலையும்

புதிதாகச் சேகரிக்கத் தொடங்கும் மாணவர் முதலில் வியப்பது விலையைக் கண்டுதான். 100 ரூபாய் என்று பொறித்த நாணயத்தை அரசே ஏன் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறது என்ற கேள்வி இயல்பானது. விடையின் ஒரு பகுதி உலோகத்தில் உள்ளது. பல ஆண்டுகளாக 100 ரூபாய் நினைவு நாணயத்தின் எடை 35 கிராம், விட்டம் 44 மில்லிமீட்டர் என்ற அளவில் இருந்து வந்தது. அதில் வெள்ளி 50 விழுக்காடு, செம்பு 40 விழுக்காடு, நிக்கலும் துத்தநாகமும் தலா 5 விழுக்காடு. எனவே ஒரு நாணயத்தில் 17.5 கிராம் வெள்ளி உள்ளது. வெள்ளி கிலோ 40,000 ரூபாயாக விற்றால் அவ்வெள்ளியின் மதிப்பு 700 ரூபாய். 80,000 ரூபாயாக விற்றால் 1,400 ரூபாய். 2016இல் முதற்குறிப்பிட்ட விலையை ஒட்டியும், 2024இல் இரண்டாவதை ஒட்டியும் சந்தை இருந்தது. 2025இல் வெள்ளி கிலோ ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டியது.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டிய 1000 ரூபாய் நாணயம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 2010 என்ற ஆண்டைத் தாங்கிய இதுவே இந்தியாவின் முதல் 1000 ரூபாய் நாணயமாகும். 35 கிராம் எடையில் 80 விழுக்காடு வெள்ளி, அதாவது 28 கிராம். வெள்ளி கிலோ ஏறத்தாழ 36,000 ரூபாயைக் கடந்தவுடனேயே உள்ளிருக்கும் உலோகத்தின் மதிப்பு பொறித்த மதிப்பை விஞ்சிவிடும். ஆகவே நாணயத்தின் மீதுள்ள எண் அதன் விலையையும் காட்டுவதில்லை, உலோகப் பெறுமதியையும் காட்டுவதில்லை. அது ஏறக்குறைய ஓர் அலங்காரமே.

எஞ்சிய தொகை செய்கூலி, பேழை, அஞ்சல், ஆதாயம் ஆகியவற்றைச் சேர்ந்தது. நகைக்கடைச் சீட்டில் தங்கத்தின் எடை, அன்றைய விலை, செய்கூலி, சேதாரம் என்று தனித்தனியே எழுதுவது தமிழ்நாட்டில் வழக்கம். நாணயத்துக்கு அவ்வாறு பகுத்துக் காட்டப்படாமல் ஒரே தொகையே அறிவிக்கப்படுவதால், எந்தப் பகுதி வெள்ளிக்கு, எந்தப் பகுதி வேலைக்கு என்று வாங்குவோர் தாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. விலை மிகுதி என்ற குறையைவிட, விலை விளங்கவில்லை என்ற குறையே நியாயமானதாகத் தோன்றுகிறது.

முன்பணத்தின் தன்மை

இணைய வசதி பரவுமுன் சேகரிப்பாளர்கள் அறிவிப்பைப் பார்த்துப் படிவம் நிரப்பி, வங்கி வரைவோலை எடுத்துப் பதிவு அஞ்சலில் அனுப்பிவந்தனர். பின்னர் இணையவழிப் பதிவு வந்தது. செலுத்தும் வழி எளிதானதே தவிர, முழுத்தொகையையும் பதிவின்போதே செலுத்த வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

நாணயச்சாலையின் பக்கத்தில் இதற்குக் காரணங்கள் உண்டு. புரூஃப் நாணயத்துக்கான அச்சும் வில்லையும் தனியே செய்யப்பட வேண்டும். எத்தனை பேர் வாங்குவர் என்று தெரியாமல் அடித்தால் வெள்ளி முடங்கும். பணம் கட்டிய பதிவுகளே உண்மையான தேவையைக் காட்டும். வெறும் பெயர்ப்பதிவை மட்டும் ஏற்றுக்கொண்டால், பொருள் அணியமான பின் பின்வாங்குவோர் பலர் இருப்பர்.

ஆயினும் இவ்வேற்பாட்டில் காலத்தின் சுமை முழுவதும் வாங்குவோர் தலையில் விழுகிறது. தமிழ்நாட்டு மக்களுக்கு முன்பணம் புதிதன்று. தீபாவளிச் சீட்டும் நகைச் சீட்டும் முன்பணமே. ஆனால் நகைச் சீட்டில் மாதந்தோறும் கட்டியவருக்கு முடிவில் செய்கூலி, சேதாரத்தில் தள்ளுபடியோ, ஒரு தவணைக்கு ஈடான சலுகையோ கிடைக்கிறது. பதிப்பகங்களின் முன்வெளியீட்டுத் திட்டத்தில் முன்னதாகப் பணம் கட்டுவோர் நூலைக் குறைந்த விலைக்குப் பெறுகின்றனர். இரண்டிலும் காத்திருத்தலுக்கு ஒரு கூலி உண்டு. நாணய முன்பதிவில் காத்திருப்பவர் அத்தகைய கழிவை எதிர்பார்க்க இயலாது. பதிவுக் காலத்துக்குப் பின் எஞ்சிய நாணயங்கள் விற்பனைக்கு வரும்போது, காத்திராமல் வாங்குவோரும் இருக்கின்றனர்.

ஒன்றைச் சேகரிப்பாளருக்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டும். பதிந்த பின் வெள்ளி விலை ஏறினால், பழைய விலைக்கே நாணயம் பெறும் வாய்ப்பு அவருக்கு உண்டு. விலை ஏறிய ஆண்டுகளில் முன்பணம் கட்டியோர் இவ்வகையில் இழக்கவில்லை. விலை இறங்கினால் இழப்பு அவருடையது.

முன்பணத்தை நீண்ட காலம் வைத்திருப்பதற்கு இந்தியச் சட்டம் ஓர் எல்லை வகுத்துள்ளது. 2014ஆம் ஆண்டின் நிறுமங்கள் வைப்புத்தொகை விதிகளின்படி, பொருள் வழங்குவதற்காகப் பெற்ற முன்பணம் 365 நாட்களுக்குள் அப்பொருளுக்கு ஈடாக்கப்படாவிடின் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும். நகைக்கடைகளின் திட்டங்கள் பல 11 மாதங்களில் முடிவதன் காரணம் இதுவே.

அஞ்சல்தலைக் கணக்கு: ஒரு மாற்று முறை

அரசின் மற்றொரு துறையே இச்சிக்கலை வேறுவகையில் தீர்த்துள்ளது. இந்திய அஞ்சல் துறையில் அஞ்சல்தலைச் சேகரிப்பாளர்களுக்கான வைப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு. குறைந்தது 200 ரூபாய் செலுத்தி இக்கணக்கைத் தொடங்கலாம். புதிய அஞ்சல்தலைகள் வெளியாகும்போது சேகரிப்பாளர் கேட்ட எண்ணிக்கையில் அனுப்பி, அவற்றின் மதிப்பைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்வர். இதுவும் முன்பணமே. ஆனால் பணம் குறிப்பிட்ட ஒரு பொருளுக்காக முடங்குவதில்லை. பொருள் அனுப்பும்போதே கழிக்கப்படுகிறது. 5 ரூபாய் அஞ்சல்தலை 5 ரூபாய்க்கே கிடைக்கிறது. தாளுக்கும் வெள்ளிக்கும் உள்ள விலை வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு, பணம் எடுக்கப்படும் வேளையை மட்டும் ஒப்பிட்டாலும் இம்முறையின் மேன்மை விளங்கும்.

பொம்மை உருவங்களும் வெற்றுப் பெட்டியும்

முன்பதிவின் வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1977இல் ஸ்டார் வார்ஸ் திரைப்படம் எதிர்பாராத வெற்றி பெற்றபோது, அதன் பொம்மைகளுக்கு உரிமை பெற்றிருந்த கென்னர் நிறுவனத்திடம் கிறித்துமசுக்கு விற்கப் பொம்மைகள் இல்லை. எனவே நான்கு உருவங்களைப் பின்னர் பெறுவதற்கான சான்றிதழை அட்டையில் வைத்து விற்றது. பொம்மைகள் 1978இல் அஞ்சலில் சென்றன. அவ்வெற்று அட்டையே இன்று சேகரிப்போர் தேடும் அரும்பொருளாகிவிட்டது.

2018இல் ஹாஸ்புரோ நிறுவனம் ஹாஸ்லேப் என்னும் திட்டத்தின்கீழ் ஜப்பாவின் பாய்மரக் கலத்தை ஏறத்தாழ 500 டாலர் விலைக்கு அறிவித்தது. 5,000 பேர் பதிந்தால் மட்டுமே அது செய்யப்படும் என்பது விதி. எண்ணிக்கை எட்டப்பட்டது, பொருள் 2019இல் வந்தது. விலை உயர்வாயினும், எத்தனை பேர் பதிந்துள்ளனர் என்பதை வாங்குவோர் நாள்தோறும் காண முடிந்தது. அமெரிக்க நாணயச்சாலையோ பொருளை அனுப்பும்போதுதான் கடனட்டையிலிருந்து பணம் எடுத்துக்கொள்கிறது.

நெய்வேலி நகரியத்தில்

பெருநகரங்களில் வாழ்வோருக்கு நாணயக் கண்காட்சிகளும் வணிகர்களும் அருகில் உள்ளனர். நெய்வேலி நகரியம் போன்ற ஊர்களில் அஞ்சலே வழி. 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காக எழுப்பப்பட்ட இந்நகரியத்தின் வீடுகள் நிறுவனத்துக்கு உரியவை. வட்டம், தெரு, வீட்டு எண் என்ற ஒழுங்கில் அமைந்தவை. பணி ஓய்வு பெற்றவர் குடியிருப்பைக் காலிசெய்தாக வேண்டும். பலர் அருகிலுள்ள வடக்குத்து, இந்திரா நகர் பகுதிகளுக்கோ சொந்த ஊருக்கோ செல்கின்றனர். ஓய்வை நெருங்கியவர் பணியிலிருக்கும்போது பதிந்த நாணயம், அவர் வீட்டைக் காலிசெய்த பின் பழைய முகவரிக்கு வந்துசேர இடமுண்டு. நாள் குறிக்கப்படாத முன்பதிவின் தொல்லை இத்தகைய குடியிருப்புகளில் கூடுதலாக உணரப்படும். முகவரி மாற்றத்தை நாணயச்சாலைக்கும் உள்ளூர் அஞ்சலகத்துக்கும் எழுத்தில் தெரிவிப்பதும், பணம் செலுத்திய சான்றையும் பதிவு எண்ணையும் பாதுகாப்பதும் இதற்குரிய எளிய காப்பு.

மறுவிற்பனை

முன்பதிவைத் தவறவிட்டோர் வெளிச்சந்தையை நாடுகின்றனர். அங்கு விலையை நிர்ணயிப்பது ஆர்வமே. கலைஞர் மு. கருணாநிதியின் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம் 2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்கால் வெளியிடப்பட்டது. அதன்பின் தி.மு.க. தலைமையகமான அண்ணா அறிவாலயத்தில் நாணயம் ஒன்று 10,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது செய்தியானது. அவ்விலையைக் கொடுத்தவர்களுள் பலர் நாணயச் சேகரிப்பாளர்கள் அல்லர், தலைவர்மீது பற்றுடையோர். சேகரிப்பாளர்களின் கணக்கு வேறு. அவர்கள் நாணயச்சாலையின் பேழையும் சான்றும் சிதையாத தொகுதியையே விரும்புவர். பேழை பிரிக்கப்பட்டால் மறுவிற்பனை மதிப்பு குறையும்.

நெய்வேலியிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025 ஜூலை 27 அன்று பிரதமர் நரேந்திர மோதி முதலாம் இராசேந்திர சோழனின் நினைவு நாணயத்தை வெளியிட்டார். மேடையில் காட்டப்படும் நாணயம் அன்றே அவ்வூர்க் கடைகளில் கிடைப்பதில்லை. விழாவை நேரில் கண்டவரும் தொலைக்காட்சியில் கண்டவரும் அதனைப் பெறச் செல்ல வேண்டிய வழி ஒன்றே: நாணயச்சாலையின் விற்பனை அறிவிப்பு.