நடையே மருந்து

கருவடிக்குப்பத்தில் பாரதியாரின் பெயரோடு இணைந்த குயில்தோப்பை நோக்கி முதியவர் ஒருவர் காலையில் நடக்கத் தொடங்குகிறார் என்று கொள்வோம். இருநூறு அடி தொலைவு செல்வதற்குள் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. நிற்கிறார், சில நிமிடங்களில் வலி அகல்கிறது. மீண்டும் நடந்தால் மீண்டும் அதே வலி. “வயதாகிவிட்டது” என்றெண்ணி, மறுநாள் முதல் திண்ணையிலேயே அமர்ந்துவிடுகிறார். இங்குதான் அவர் தவறிவிடுகிறார்.

1831-இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவரான பூலே என்பவர், ஓடினால் நொண்டி, நின்றால் நலமாகும் குதிரையொன்றைக் கண்டார். அதன் கால் தமனி அடைபட்டிருந்தது. இதே நோய் மனிதருக்கும் உண்டென்பதை 1858-இல் ஷார்க்கோ விளக்கினார். உழைக்கும் தசைக்குப் போதிய இரத்தம் கிட்டாமையே இவ்வலிக்குக் காரணம். புகைபிடித்தல், நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, மிகுந்த கொழுப்பு ஆகியவை இந்நோயை வளர்ப்பவை.

முதலில் மருத்துவரை அணுகுங்கள். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டே நோயை அறியலாம். இதயக் குழாய்களிலும் அடைப்பு இருக்கக்கூடுமாதலால் அவரது இசைவு இன்றியமையாதது.

பின்னர் நடக்கலாம். வலி ஓரளவு கடுமையாகும் வரை நடந்து, அது முற்றிலும் தணியும் வரை ஓய்வெடுத்து, மீண்டும் நடக்கவேண்டும். இவ்வாறு முதலில் அரைமணி நேரம். படிப்படியாக ஒரு மணி நேரம் வரை. வாரத்தில் குறைந்தது 3 நாட்களேனும் தவறாமல் செய்க. பயன் தெரிய 12 வாரங்கள் ஆகலாம். அடைப்பு கரைந்துவிடாது; ஆனால் கிடைக்கும் இரத்தத்தைக் கொண்டே தசை திறம்பட உழைக்கப் பழகும்; வலியின்றிச் செல்லும் தொலைவு நீளும். மழை நாட்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்தலாம். பீடி, சிகரெட்டை அறவே விட்டொழிக்காவிடில் இம்முயற்சியின் பயன் பெரிதும் குன்றிவிடும்.

செருப்பின்றி நடவாதீர்கள். இரவில் பாதங்களைச் சோதியுங்கள். உணர்வு மங்கிய காலுக்கு வெந்நீர் ஒற்றடம் ஆகாது.

நடக்கையில் வரும் வலிக்கு அஞ்சவேண்டாம். படுத்திருக்கையில் பாதத்தில் வரும் வலிக்கு அஞ்சுங்கள். ஆறாத புண்ணோ கறுத்த விரலோ தோன்றினால் நடைப்பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறி வலித்தால், சில மணி நேரத் தாமதமும் காலையே பறித்துவிடலாம்; கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு அக்கணமே விரையுங்கள்.

இளையோரே, வீட்டுப் பெரியவர் வழியில் நின்றால் அவரை அவசரப்படுத்தாமல், நீங்களும் உடன் நில்லுங்கள். வலி தணிந்ததும் சேர்ந்து நடங்கள். தனியே நடப்பவர் சோர்ந்து விட்டுவிடக்கூடும். துணையோடு நடப்பவர் தொடர்வார்.