கடிகாரம் சர்க்கரையைச் சொல்லுமா?

முன்பெல்லாம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தால் சுக்கு, ஓமம், திரிபலா சூரணம், ஒரு தைல பாட்டில், மிஞ்சிப் போனால் ஒரு தெர்மாமீட்டர் இருக்கும். இப்போது திறந்து பாருங்கள். பிரஷர் மெஷின், சுகர் மெஷின், கொரோனா சமயத்தில் அவசரமாக வாங்கிய விரல் கிளிப், வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய கைக்கடிகாரம்... பாதிக்கு பேட்டரி இல்லை. மீதியை எப்படிப் பயன்படுத்துவது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது!

'நாடி பிடிக்கிற சித்த வைத்தியருக்கு மெஷினைப் பற்றி என்ன பேச்சு?' என்கிறீர்களா? நாடி, வாதம் மிஞ்சியிருக்கிறதா பித்தம் மிஞ்சியிருக்கிறதா என்று சொல்லும். ரத்தத்தில் சர்க்கரை 52-ஆ, 152-ஆ என்று சொல்லாது. என் மேஜை மேலும் ஒரு சுகர் மெஷின் உண்டு.

அது ஒருநாள் கைகொடுத்தது. நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர். வயது அறுபதுக்கு மேல். இங்கிலீஷ் மருந்துக் கடை மாத்திரைதான் சர்க்கரைக்குச் சாப்பிடுகிறார். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் மிளகாய்க் காட்டுக்குப் போய்விட்டார். உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்க, பேச்சுக் குழற அழைத்து வந்தார்கள். "சுகரெல்லாம் நல்லாத்தான்யா இருக்கு. வாட்ச்சுல 118 காட்டுது பாருங்க" என்றார் அவர் சம்சாரம். விரலில் குத்திப் பார்த்தேன். 52! உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்து உட்கார்ந்தார். அதன் பிறகுதான் சாப்பாடு. அந்த 118-ஐ நம்பி வீட்டிலேயே படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தோலைக் குத்தாமலே சர்க்கரையை அளக்கும் என்று சொல்லி விற்கிற கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி ஒரு கருவிக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்றும் சொன்னது. கையில் மெல்லிய ஊசியோடு ஒட்டிக்கொள்கிற சென்சார் வேறு. அது உண்மையாகவே தோலுக்கடியில் அளக்கிறது. வெறும் கடிகாரம் நடையை எண்ணும், மணி காட்டும். அதற்கு மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, சுகர் மெஷின் எல்லோருக்கும் வேண்டுமா? இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்குகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வேண்டும். மற்றவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கலாம். கட்டுப்பாட்டில் இருக்கிற பலருக்கு மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதும், மூன்று மாத சராசரிப் பரிசோதனையுமே போதும். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் நோக்கமே இதுதான். பிரஷரையும் சர்க்கரையையும் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வந்து பார்ப்பது.

வாங்கும்போது மெஷின் விலையைப் பார்க்காதீர்கள், ஸ்டிரிப் விலையைப் பாருங்கள். மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு ஸ்டிரிப்பில் எடுத்துவிடுவார்கள். அந்த ஸ்டிரிப் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா? ஒவ்வொரு முறையும் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டுமென்றால் இரண்டே மாதத்தில் மெஷின் பரணுக்குப் போய்விடும்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொரு சங்கதி. பெரும்பாலான ஸ்டிரிப்புகளை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி டப்பாவிலேயே அச்சடித்திருப்பார்கள். இந்த வானம் பார்த்த பூமியில் கோடை வெயில் 38-ஐத் தாண்டும். தகரக் கூரை வீட்டில் கேட்கவே வேண்டாம்! அதற்காக ஃபிரிட்ஜுக்குள்ளும் திணிக்காதீர்கள். ஈரம் பட்டாலும் கெட்டுவிடும். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், மூடி இறுக்கிய அதே டப்பாவில் இருக்கட்டும். மாம்பழம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் குத்தினாலும் சர்க்கரை எகிறிக் காட்டும்.

பிரஷர் மெஷினுக்கு வருவோம். வீட்டில் வைக்க வேண்டிய ஒரே கருவி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல் கையில் கட்டுவதே நம்பகமானது. கட்டுகிற பட்டையின் அளவு முக்கியம். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். அதனால் கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். எண்கள் பெரிதாகத் தெரிய வேண்டும். சார்ஜரைவிட, பெட்டிக் கடையில் கிடைக்கிற சாதாரண பேட்டரி போடும் மாடல் கிராமத்துக்கு நல்லது.

காப்பி குடித்து அரை மணி கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து எழுதி வையுங்கள். வீட்டில் தொடர்ந்து 135/85-க்கு மேல் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். இதயத்துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு இந்த மெஷின் தடுமாறும். ஒருமுறை உங்கள் மெஷினை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

விரல் கிளிப்? ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1970-களில் கண்டுபிடித்த தத்துவம். நல்ல கருவிதான். ஆனால் மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் எல்லாம் அதைக் குழப்பும். கறுத்த தோலில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகக் காட்டவும் கூடும். நம் பக்கத்துக்கு இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்களே, கேளுங்கள். மூட்டப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஏறினால் அந்தக் கிளிப்புக்கு வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கி விழுந்துகொண்டிருப்பார், அது 98 என்று காட்டும்! மூட்டத்தருகே தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் ஆளை நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிப்பைத் தேடாதீர்கள்.

கடைசியாக, தாத்தா பாட்டிக்குத் தபாலில் வரவழைக்கிற காது மெஷின். விளம்பரத்தில் வருகிற மலிவான கருவிகள் பலவும் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக ஏற்றிவிடுபவை. பேச்சும் இரையும், தட்டு விழுவதும் இரையும். பெரியவர் இரண்டு நாளில் கழற்றி வைத்துவிடுவார். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல பேருக்கு அத்தோடு சரியாகிவிடும்! அப்படியும் கேட்காவிட்டால் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேட்கும் திறனைச் சோதித்து, அந்தச் சீட்டோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதி உள்ளவர்களுக்கு அங்கே இலவசமாகவே தருகிறார்கள்.